டபிள்யூஎக்ஸ்பைதான்: மெமரிடிசியில் வரைந்தது விண்டோஸ் ஜன்னலில் வரவே மாட்டேன் என்கிறது

கொதிகலன்_காவலன் | செவ்வாய், இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சாயப்பட்டறைக் கொதிகலனின் அழுத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டும் சின்ன நிரல் எழுதிக்கொண்டிருக்கிறேன். டபிள்யூஎக்ஸ்பைதான் (பைதானில் ஜன்னல், பட்டன் எல்லாம் செய்யும் நூலகம்) 4.2. சென்சார் நொடிக்கு 10 அளவு அனுப்பும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 2,88,000 புள்ளிகள். முதலில், ஜன்னலை மறுபடி வரையச் சொல்லும் பெயிண்ட் ஈவன்ட் வரும்போதெல்லாம் எல்லாப் புள்ளிகளையும் டிராலைன்ஸ் போட்டு வரைந்தேன். அரை மணி நேரம் நன்றாக ஓடியது. அதற்குப் பிறகு மவுஸை நகர்த்தினாலே ஜன்னல் திணறியது.

சரி, நினைவகத்தில் ஒரு பிட்மேப் (பிக்சல்களால் ஆன படம்) வைத்து அதில் வரைவோம், பெயிண்டில் அதை அப்படியே ஒட்டிவிடுவோம் என்று மாற்றினேன். நிரலை இங்கே ஒட்டினால் இந்தத் தளம் உள்தள்ளலைத் தின்றுவிடுகிறது, அதனால் வாயாலேயே சொல்கிறேன். தொடக்கத்தில் 1200க்கு 400 அளவில் ஒரு பிட்மேப், அதில் வரைய ஒரு மெமரிடிசி (டிசி என்றால் டிவைஸ் கான்டெக்ஸ்ட், எதில் வரைந்தாலும் அதன் வழியாகத்தான்). செலக்ட்ஆப்ஜெக்ட்டில் பிட்மேப்பைக் கொடுத்து, இரண்டையும் செல்ஃபில், அதாவது ஆப்ஜெக்ட்டுக்குள்ளேயே, வைத்துக்கொண்டேன். அளவு வரும்போது மெமரிடிசியில் கோடு. பெயிண்டில் ஜன்னலுக்கான டிசியான பெயிண்ட்டிசி உருவாக்கி டிராபிட்மேப். அவ்வளவுதான்.

வீட்டு லினக்ஸில் அருமையாக வருகிறது. பட்டறையில் இருக்கும் விண்டோஸ் 10இல் கோட்டைக் காணோம். பிழைச் செய்தியும் கிடையாது. இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பழையகணினி | செவ்வாய், இரவு 10:05

தம்பி, பிட்மேப்பை மெமரிடிசி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் விஷயம்.

விண்டோஸின் வரையும் அமைப்பான ஜிடிஐயில் ஒரு பிட்மேப் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டிசியில்தான் மாட்டியிருக்கலாம். நீங்கள் டிராபிட்மேப் என்று சொன்னதும் அது உள்ளுக்குள் தனக்கென்று ஒரு மெமரி டிசி உருவாக்கி, உங்கள் பிட்மேப்பை அதில் மாட்டப் பார்க்கும். அது ஏற்கெனவே உங்கள் டிசியில் இருப்பதால் ஜிடிஐ சத்தமில்லாமல் மறுத்துவிடும். லினக்ஸில் அடியில் இருப்பது ஜிடிகே, கெய்ரோ என்ற வேறு நூலகங்கள். அங்கே இந்தக் கெடுபிடி இல்லை, அதனால்தான் வீட்டில் ஓடுகிறது.

வழி இரண்டு. வரைந்து முடித்ததும் செலக்ட்ஆப்ஜெக்ட்டில் நல்பிட்மேப்பை (வெற்று பிட்மேப்பை) கொடுத்துக் கழற்றிவிட்டு, பிறகு டிராபிட்மேப் போடுங்கள். அல்லது மாட்டியது மாட்டியபடியே இருக்கட்டும், டிராபிட்மேப்புக்குப் பதில் பெயிண்ட்டிசியின் பிளிட்டை (ஒரு டிசியிலிருந்து இன்னொன்றுக்குப் பிக்சல்களை நகலெடுப்பது) அழைத்து, மூலமாக அந்த மெமரிடிசியையே கொடுங்கள். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். வரையும் ஃபங்ஷனுக்குள் மெமரிடிசி பிறந்து அங்கேயே செத்துவிட வேண்டும், செல்ஃபில் பிட்மேப் மட்டும் இருக்க வேண்டும். டிசியைச் சேர்த்து வைப்பது வாடகை சைக்கிளைத் திருப்பிக் கொடுக்காமல் வீட்டில் நிறுத்தி வைப்பது மாதிரி.

ஒரு பழைய கதை. சி-யில் நேரடியாக எழுதிய காலத்தில், கிரியேட்கம்பாட்டிபிள்பிட்மேப்புக்குத் திரையின் டிசியைக் கொடுக்காமல் அப்போதுதான் உருவாக்கிய மெமரி டிசியைக் கொடுத்துவிட்டேன். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை. ஒரு வாரம் முழித்த பிறகுதான் தெரிந்தது: மெமரி டிசி பிறக்கும்போதே 1க்கு 1 அளவுள்ள ஒற்றை நிற பிட்மேப் ஒன்று அதில் மாட்டியிருக்கும். 'இதற்குப் பொருத்தமான பிட்மேப் கொடு' என்றால் அதுவும் ஒற்றை நிறத்தில்தானே கொடுக்கும்! டபிள்யூஎக்ஸ் இந்தப் பள்ளத்தை மூடிவிட்டது. நீங்கள் கொடுத்து வைத்தவர்கள்.

தேன்சிட்டு | செவ்வாய், இரவு 10:31

அண்ணன் சொன்னது சரி. அதோடு நாளைக்கு நீங்களே வந்து கேட்கப்போகும் மூன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புது பிட்மேப்பில் என்ன இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஓரிடத்தில் கறுப்பு, இன்னோரிடத்தில் குப்பை. மாட்டியதும் செட்பேக்ரவுண்டில் ஒரு பிரஷ் கொடுத்து கிளியர் அழையுங்கள்.

ஜன்னலின் அளவு மாறினால் பிட்மேப்பும் புதிதாக வேண்டும். சைஸ் ஈவன்ட்டில் உருவாக்குங்கள், ஆனால் ஜன்னலைச் சுருக்கி டாஸ்க்பாரில் வைக்கும்போது அளவு பூஜ்யமாக வரலாம். 0க்கு 0 பிட்மேப் கேட்டால் திட்டு விழும். குறைந்தது 1 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட் ஹேண்ட்லருக்குள் ரெஃப்ரெஷ் அழைக்காதீர்கள். அது இன்னொரு பெயிண்டை வரவழைக்கும், அது இன்னொன்றை. என் லேப்டாப் மின்விசிறி விமானம் மாதிரி கத்தியபோதுதான் எனக்கு இது புரிந்தது. அதே மாதிரி, வரைய ஒன்றுமே இல்லாவிட்டாலும் பெயிண்ட்டிசியை உருவாக்காமல் திரும்பி வராதீர்கள். உருவாக்காவிட்டால் 'இந்த இடம் இன்னும் வரையப்படவில்லை' என்று விண்டோஸ் திரும்பத் திரும்பச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கொதிகலன்_காவலன் | புதன், காலை 7:15

வந்துவிட்டது! நன்றி அண்ணே, நன்றி அக்கா. நல்பிட்மேப் போட்டதும் கோடு பளிச்சென்று வந்தது.

ஆனால் நொடிக்குப் பத்து தடவை மினுக் மினுக்கென்று வெள்ளை அடிக்கிறது. ஃபோர்மேன் பார்த்துவிட்டு "ட்யூப்லைட் ஸ்டார்ட்டர் போயிடுச்சா தம்பி" என்கிறார்.

தேன்சிட்டு | புதன், காலை 8:02

ஜன்னலின் பின்னணியை முதலில் வெள்ளையால் அழித்துவிட்டு அதன்மேல் உங்கள் பிட்மேப் ஒட்டப்படுகிறது. இரண்டுக்கும் இடையில் கண்ணில் படுவதுதான் அந்த வெள்ளை. பேனல் உருவானதும் செட்பேக்ரவுண்ட்ஸ்டைலில் பிஜி ஸ்டைல் பெயிண்ட் கொடுங்கள். 'பின்னணியை நீ அழிக்க வேண்டாம், மொத்தத்தையும் நானே வரைந்துகொள்கிறேன்' என்று அர்த்தம். உங்கள் பிட்மேப் ஜன்னல் முழுவதையும் மூடுவதால் வேறு எதுவும் வேண்டியதில்லை.

க்யூட்டி_பக்கம் | புதன், காலை 10:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்தக் காலத்தில் எதற்கு இவ்வளவு பாடு? க்யூட்டி என்று இதே வேலைக்கு இன்னொரு நூலகம் இருக்கிறது, அதன் 4ஆம் பதிப்பு வந்த 2005இலிருந்தே அங்கே விட்ஜெட்களுக்கு இரட்டை பஃபர் (மறைவாக வரைந்து முடித்துத் திரைக்குக் கொண்டுவருவது) தானாகவே நடக்கிறது. மேக்கில் ஜன்னல் அமைப்பே அதைச் செய்கிறது. விண்டோஸ் 8இலிருந்து கம்போசிஷனை (எல்லா ஜன்னல்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் வேலையை) அணைக்கவே முடியாது. டபிள்யூஎக்ஸிலும் ஆட்டோபஃபர்ட்பெயிண்ட்டிசி இருக்கிறது, தேவையான இடத்தில் பஃபர் வைக்கும், தேவையில்லாத இடத்தில் சாதாரண பெயிண்ட்டிசியாகவே இருந்துவிடும். கையால் பிட்மேப் வைத்து மாரடிப்பது 90களின் பழக்கம்.

பழையகணினி | புதன், பகல் 12:48

90களின் பழக்கம் என்று என்னைத்தான் சொல்கிறீர்கள், பரவாயில்லை. உண்மையில் அதைவிடப் பழசு. பிக்சல்களை மொத்தமாக நகலெடுக்கும் பிட்பிளிட் என்ற யோசனை 1975இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டான் இங்கால்ஸும் கூட்டாளிகளும் செய்தது. ஐம்பது வயது ஆகிறது.

முதலில் ஒரு திருத்தம். விண்டோஸில் கம்போசிஷன் இருந்தாலும் ஜிடிஐ மினுக்கல் முழுதாகப் போய்விடாது. நீங்கள் அழித்து, பிறகு வரைவதும் ஜன்னலுக்கென்று வைத்திருக்கும் ஒரே பரப்பில்தான் விழுகிறது. அழித்ததற்கும் வரைந்ததற்கும் நடுவில் கம்போசிட்டர் வந்து ஒரு படி எடுத்துக்கொண்டால் பாதி வரைந்த ஜன்னலைத்தான் திரையில் காட்டும். தம்பியின் ஃபோர்மேன் பார்த்தது அதுதான்.

இரண்டாவது, இதுதான் முக்கியம். இரட்டை பஃபர் வேறு, கேஷ் வேறு. இரண்டிலும் பிட்மேப் இருப்பதால் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். இரட்டை பஃபர் கண்ணுக்காக: பாதி வேலை வெளியே தெரியக்கூடாது. ஒவ்வொரு பெயிண்டுக்கும் எல்லாவற்றையும் மறுபடி வரைந்துதான் ஆக வேண்டும், மறைவாக வரைகிறோம், அவ்வளவே. கேஷ் உழைப்பை மிச்சம் பிடிக்க: ஒருமுறை வரைந்ததை மறுபடி வரையக்கூடாது. நீங்கள் சொன்ன ஆட்டோபஃபர்ட்பெயிண்ட்டிசியைப் போட்டால் மினுக்கல் நிற்கும். ஆனால் 2,88,000 புள்ளிகளையும் ஒவ்வொரு தடவையும் அது கோடு போட்டுக்கொண்டுதான் இருக்கும். தம்பி இங்கே வந்த வியாதி மினுக்கல் அல்ல, திணறல்.

க்யூட்டி_பக்கம் | புதன், பகல் 1:30

ஒப்புக்கொள்கிறேன், இரண்டையும் குழப்பிவிட்டேன். ஆனால் திணறலுக்கு மருந்து பிட்மேப் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. 1200 பிக்சல் அகலத்தில் 2,88,000 புள்ளி என்றால் ஒரு பிக்சல் பத்திக்கு 240 புள்ளிகள். அந்த 240இல் கண்ணுக்குத் தெரியப்போவது உச்சமும் அடியும் மட்டும். ஒவ்வொரு பத்திக்கும் இரண்டையும் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, இடையில் ஒரே ஒரு செங்குத்துக் கோடு போட்டால் மொத்தம் 1200 கோடுகள். அதை வரைய எந்தக் கணினியும் அலுத்துக்கொள்ளாது. கேஷே வேண்டாம்.

சராசரி மட்டும் எடுக்காதீர்கள். கொதிகலன் அழுத்தம் ஒரு நொடி எகிறியது சராசரியில் காணாமல் போய்விடும். இங்கே பார்க்க வேண்டியதே அதைத்தான்.

தேன்சிட்டு | புதன், மாலை 6:11

இது நல்ல யோசனை. வரைவதை வேகமாக்குவதற்கு முன்னால் வரைய வேண்டியதைக் குறைக்க வேண்டும் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும்.

ஆனாலும் கேஷை விடச் சொல்ல மாட்டேன். மவுஸ் போகும் இடத்தில் குறுக்குக் கோடு காட்டி 'இந்த நேரத்தில் இவ்வளவு அழுத்தம்' என்று சொல்ல வேண்டியிருந்தால், மவுஸ் ஒவ்வொரு முறை அசையும்போதும் பெயிண்ட். அச்சு, கட்டங்கள், எழுத்துகள், 1200 கோடுகள் எல்லாமே மறுபடி. பிட்மேப் இருந்தால் அதை ஒட்டிவிட்டு மேலே இரண்டே கோடு. முன்பெல்லாம் இதற்கு எக்ஸ்ஓஆர் முறையில் நேரடியாகத் திரையில் கோடு போடுவார்கள், அதே கோட்டை இன்னொரு முறை போட்டால் அழிந்துவிடும். பெயிண்டுக்கு வெளியே வரையும் கிளையண்ட்டிசியை வைத்துச் செய்யும் அந்த வித்தையை இப்போது மேக்கிலும் லினக்ஸின் வேலாண்டிலும் நம்பவே முடியாது.

கொதிகலன்_காவலன் | புதன், இரவு 11:20

அக்கா, குறுக்குக் கோடு உண்மையிலேயே கேட்டிருக்கிறார்கள்! ஷிப்ட் படத்துக்கு உச்சம்-அடி முறையைப் போட்டுவிட்டேன், பிட்மேப்பிலும் வைத்துவிட்டேன். வெண்ணெய் மாதிரி ஓடுகிறது.

கீழே இன்னொரு படம் உண்டு: கடைசி இரண்டு நிமிடம் மட்டும். நொடிக்கு 10, ஆக 1200 அளவு, ஒரு அளவுக்கு ஒரு பிக்சல். ஒவ்வொன்று வரும்போதும் பிட்மேப்பை ஒரு பிக்சல் இடப்பக்கம் நகர்த்த வேண்டும். மெமரிடிசியிலிருந்து அதே மெமரிடிசிக்கு பிளிட் செய்கிறேன். சரியா?

பழையகணினி | வியாழன், காலை 6:50

விண்டோஸில் ஓடும். மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் ஜிடிஐ பார்த்துக்கொள்ளும். மற்ற இடங்களில் நான் அதை நம்பியதில்லை.

நகர்த்தவே வேண்டாம். ஆஸ்பத்திரியில் ஈசிஜி மானிட்டர் பார்த்திருப்பீர்கள், கோடு வலது ஓரம் போனதும் மறுபடி இடது ஓரத்தில் தொடங்கிப் பழையதை அழித்துக்கொண்டே வரும். பிட்மேப்பை அப்படியே வையுங்கள். புது அளவின் பத்தி எண், மொத்த எண்ணிக்கையை 1200ஆல் வகுத்த மீதி. அந்த ஒரு பத்தியை மட்டும் பின்னணி நிறத்தால் அழித்து, புதுக் கோட்டுத் துண்டை வரையுங்கள். பெயிண்டில் மட்டும் இரண்டு பிளிட்: புதுப் பத்திக்கு அடுத்த பத்தியிலிருந்து கடைசிவரை எடுத்து ஜன்னலின் இடது பக்கம், பூஜ்யத்திலிருந்து புதுப் பத்திவரை எடுத்து அதை ஒட்டி வலது பக்கம். பார்ப்பவருக்கு வழுக்கிக்கொண்டே போகிற மாதிரி இருக்கும். உள்ளே ஒரு பிக்சலும் இடம் மாறியிருக்காது.

தடுக்கும் இடங்கள் இரண்டு. 1199ஆம் பத்தியிலிருந்து 0ஆம் பத்திக்கு வரும்போது முந்தைய புள்ளி மறுமுனையில் இருக்கும். அப்படியே இணைத்தால் படம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு விழும். முந்தைய உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, பத்திக்குள்ளேயே செங்குத்தாக இணையுங்கள். அடுத்து, கிடைமட்டக் கட்டக் கோட்டையும் அந்தப் பத்தி அழியும்போதே ஒரு பிக்சல் போட்டுவிடுங்கள், தானாகச் சேர்ந்து கோடாகிவிடும். எழுத்துகளை மட்டும் இந்த பிட்மேப்பில் எழுதவே கூடாது, அவையும் சேர்ந்து நகரும்.

பனங்காய் | வியாழன், காலை 9:33

நல்ல இழை. கனநாளாய் எனக்கும் விளங்காத விஷயம் ஒண்டு இப்ப விளங்கிட்டுது. தம்பி, சென்சாரை வாசிக்கிற த்ரெட்டும் (நிரலுக்குள்ள தனியா ஓடுற வேலை) வரையிற த்ரெட்டும் ஒண்டா வேறயா எண்டு நீர் சொல்லேல்லை. வேறயெண்டால் அந்தத் த்ரெட்டில இருந்து மெமரிடிசியைத் தொடாதையும். திரையில வரையேல்லைத்தானே, நினைவகத்திலதானே எண்டு நானும் நினைச்சன். லினக்ஸில ஒரு நாளைக்கு ஒருக்கா எண்ட கணக்கில விழுந்தது, ஏனெண்டு பிடிக்கவே ஏலாமல் கிடந்தது. கால்ஆஃப்டர் போட்டு அளவை மட்டும் பிரதான த்ரெட்டுக்கு அனுப்பும். வரையிறதெல்லாம் அங்கை.

க்யூட்டி_பக்கம் | வியாழன், காலை 9:50

க்யூட்டியிலும் அதே எல்லைதான், ஆனால் பெயரிலேயே பிரித்து வைத்திருக்கிறார்கள். க்யூபிக்ஸ்மேப் திரையைச் சார்ந்தது, பிரதான த்ரெட்டில்தான் தொட வேண்டும். க்யூஇமேஜ் வெறும் நினைவகம், வேறு த்ரெட்டில் க்யூபெயிண்டர் வைத்து வரையலாம். டபிள்யூஎக்ஸில் பிட்மேப், இமேஜ் என்று இரண்டு வைத்திருப்பதும் ஏறக்குறைய இதே பிரிவினைதான், இமேஜில் நேரடியாகக் கோடு போட முடியாது என்பதைத் தவிர.

கொதிகலன்_காவலன் | சனி, காலை 8:05

த்ரெட் வேறுதான். கால்ஆஃப்டருக்கு மாற்றிவிட்டேன், நன்றி.

வழுக்கும் படம் பிரமாதம். ஆனால் நேற்று இரவு நிரல் விழுந்துவிட்டது. முந்தாநாளும். இரண்டு முறையும் தொடங்கி ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரத்தில். முதலில் எழுத்துகள் மறைந்தன, பிறகு பட்டன்கள், பிறகு பிட்மேப் உருவாக்க முடியவில்லை என்று பிழை. மெமரி கசிகிறதோ என்று டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். 400 எம்பிகூட இல்லை. கணினியில் 8 ஜிபி இருக்கிறது.

பழையகணினி | சனி, காலை 8:40

நொடிக்கு ஒரு பிட்மேப் எங்கேயாவது சேர்த்து வைக்கிறீர்களா?

கொதிகலன்_காவலன் | சனி, காலை 8:44

அண்ணே!! எப்படித் தெரிந்தது? பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. நொடிக்கு ஒரு 120க்கு 60 சிறுபடம், பின்னால் ஓட்டிப் பார்க்க. லிஸ்ட்டில் போட்டு வைக்கிறேன். ஒன்று 28,800 பைட்தானே என்று விட்டுவிட்டேன்.

பழையகணினி | சனி, காலை 9:10

ஜோசியம் இல்லை, வகுத்தல்தான். விண்டோஸில் ஒரு பிராசஸுக்கு ஜிடிஐ கைப்பிடிகள் (வரையும் பொருள்களுக்கு விண்டோஸ் கொடுக்கும் அடையாள எண்கள்) இயல்பாக 10,000 வரைதான். 10,000 நொடி என்றால் 2 மணி 46 நிமிடம். ஒவ்வொரு பிட்மேப்பும் ஒரு கைப்பிடி. 120க்கு 60 ஆனாலும் ஒன்று, 4கே திரை முழுக்க இருந்தாலும் ஒன்று. பத்தாயிரம் சிறுபடத்துக்கு 288 எம்பி, அதனால் நினைவகக் கணக்கு உங்களுக்குப் பயமே காட்டவில்லை. ஃபான்ட், பேனா, பிரஷ் எல்லாம் அதே பத்தாயிரத்திலிருந்துதான், அதனால்தான் எழுத்து முதலில் போனது.

டாஸ்க் மேனேஜரின் விவரங்கள் பக்கத்தில் பத்தித் தலைப்பை வலது கிளிக் செய்து 'ஜிடிஐ ஆப்ஜெக்ட்ஸ்' பத்தியைச் சேருங்கள். ஏறிக்கொண்டே போவது கண்ணால் தெரியும். ரெஜிஸ்ட்ரியில் அந்த வரம்பை உயர்த்தலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள். 65,536க்கு மேல் அதுவும் போகாது, விழுவது ராத்திரிக்குப் பதில் மறுநாள் மதியம் விழும்.

தேன்சிட்டு | சனி, காலை 9:32

சிறுபடத்தை கன்வர்ட்டூஇமேஜ் செய்து இமேஜாக லிஸ்ட்டில் வையுங்கள். அது வெறும் பைட் வரிசை, கைப்பிடி கிடையாது. பிக்சலுக்கு 3 பைட் என்பதால் 21,600 பைட்டாகக் குறையவும் செய்யும். திரையில் தெரியும் பத்துப் பன்னிரண்டை மட்டும் பெயிண்டின்போது பிட்மேப்பாக மாற்றினால் போதும்.

சொல்லப்போனால் படத்தை ஏன் வைக்க வேண்டும்? அந்த நேரத்து அளவுகள்தான் உங்களிடம் இருக்கின்றனவே, கேட்கும்போது வரைந்துகொள்ளலாமே.

கொதிகலன்_காவலன் | ஞாயிறு, இரவு 8:15

லிஸ்ட்டையே தூக்கிவிட்டேன் அக்கா. இரவு முழுக்க ஓடியது, ஜிடிஐ எண்ணிக்கை 130ஐத் தாண்டவில்லை.

கடைசியாக ஒன்று. இடது ஓரத்தில் செங்குத்தாக 'கொதிகலன்' என்று எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக ஒன்றன்கீழ் ஒன்றாக வரைந்தேன். முதல் எழுத்து 'க' வந்தது, அடுத்து ஒரு புள்ளி வட்டத்தோடு ஏதோ வந்தது.

பனங்காய் | ஞாயிறு, இரவு 9:02

பைதானுக்கு 'கொதிகலன்' எட்டுக் குறியீடு. எங்களுக்கு அஞ்சு எழுத்து. நீர் 'க' தனிய, ஒகரக் குறி தனிய எண்டு வெட்டிப் போட்டிருக்கிறீர். குறி தனிய நிண்டால் பிடிக்க ஆளில்லாமல் புள்ளி வட்டத்தைப் பிடிக்கும். முழுச் சொல்லையும் டிராரொட்டேட்டட்டெக்ஸ்ட்டில 90 பாகை போட்டுக் குடும், எழுத்துக் கோர்க்கிற வேலையை சிஸ்டம் பாக்கும். அகலம் அளக்கிறதெண்டாலும் முழுச் சொல்லாய்த்தான் கெட்டெக்ஸ்ட்எக்ஸ்டென்ட். வெட்டி வெட்டி அளந்து கூட்டினால் கணக்குப் பிழைக்கும்.

கொதிகலன்_காவலன் | செவ்வாய், மாலை 5:50

எழுத்து சரியாகிவிட்டது. இன்று முதலாளி வந்து பார்த்தார், "இதைத் தாளில் எடுத்துக் கொடு" என்றார். பிட்மேப்பைப் பெரிதாக்கி அச்சடித்தேன், கோடெல்லாம் படிக்கட்டு மாதிரி வந்தது. அப்போதுதான் அண்ணன் முதல் நாள் சொன்னது ஞாபகம் வந்தது, டிசி ஃபங்ஷனுக்குள் பிறந்து அங்கேயே சாக வேண்டும் என்று. வரையும் பகுதியை மட்டும் பிரித்து, டிசியையும் அகல உயரத்தையும் வெளியிலிருந்து வாங்கிக்கொள்கிற மாதிரி மாற்றினேன். மெமரிடிசி கொடுத்தால் பிட்மேப்பில் வரைகிறது, பிரிண்டர்டிசி கொடுத்தால் தாளில். பிரிண்டரின் பிக்சலுக்கு ஏற்றபடி பேனாவின் தடிமனை மட்டும் பெருக்க வேண்டியிருந்தது. கோடு இப்போது கம்பி மாதிரி வருகிறது.

பழையகணினி | செவ்வாய், இரவு 9:20

முதலாளியிடம் அடுத்து பிடிஎஃப் கேட்பாரா என்று இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள் தம்பி.